பம்புசெட்டுக்குப் போன ஒற்றைக் கம்பி

எங்கள் ஊர் முக்கூடலில் மின்கம்பியைக் காட்டிக்கொடுப்பது அதில் உட்காரும் இரட்டைவால் குருவி. ஆஸ்திரேலியாவின் இந்தப் பருத்திக்காட்டில் குருவியும் இல்லை, கம்பி இருப்பதும் தெரியாது. மருந்தடிக்கும் விமானமோ செடியை உரசுகிற மாதிரி பறக்கும். "கம்பியைத் தேடாதே, கம்பத்தைத் தேடு" என்பான் எங்கள் விமானி ராப். கம்பம் மரத்துக்குப் பின்னால் நின்றால்? அப்போதுதான் எனக்கு யோசனை பிறந்தது: முந்தின நாளே வயலைச் சுற்றி நடந்து, கம்பிகளைச் சிவப்பு மையில் வரைந்து கொடுத்துவிட வேண்டும்.

வயலோரம் கொடி பிடித்து, விமானம் அடுத்து எந்த வரிசையில் வர வேண்டும் என்று காட்டுவது என் வேலை. வாங்கித் தந்தவர் எங்கள் ஊர்க்காரர், இங்கே மேற்பார்வையாளர், செல்லத்துரை அண்ணாச்சி. படங்களை ராப்பிடம் சேர்ப்பதும் அவர்தான். "ஏலே, நீ பெரிய இன்ஜினியருல்லா!" என்று முதுகில் தட்டுவார். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். அதே படத்தை அன்றைக்கே ஏரோகிராம் கடிதத்தாளில் வரைந்து அப்பாவுக்கும் அனுப்புவேன். மகன் என்ன வேலை பார்க்கிறான் என்று அவருக்கும் தெரிய வேண்டாமா?

ஒரு நாள் காலை, பம்புசெட்டுக்குக் குறுக்கே போன ஒற்றைக் கம்பியில் சக்கரம் மாட்டி விமானம் குப்புற விழுந்தது. ராப் பிழைத்தான்; இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது. முந்தின நாள் நான் கொடுத்த படம், ராப்பிடம் போகாமல் அண்ணாச்சியின் ஜீப்பிலேயே கிடந்ததை விமானம் விழுந்த பிறகு கண்ணால் பார்த்தேன். மறுநாள் அது இல்லை. கம்பியைப் பற்றி நான் சொல்லவே இல்லை என்று விசாரணையில் அண்ணாச்சி கையெழுத்துப் போட்டார்.

"அண்ணாச்சி, உங்க கையிலதான தந்தேன்?"

"பைய பேசுலே. எனக்கு ரெண்டு புள்ளைய படிக்கி. நீ ஒத்தக்கட்ட, எங்கன போனாலும் பொழச்சுக்கிடுவ."

பக்கத்தில் இருந்த, தமிழ் தெரியாத விசாரணை அதிகாரி, அண்ணாச்சி எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக் கனிவாகத் தலையசைத்தார்.

ஆஸ்பத்திரியில் ராப் ஒன்றுதான் கேட்டான். "அந்த வயலை நீ நடந்து பார்த்தாய்தானே?" பார்த்தேன் என்றேன். மேற்கொண்டு சொல்வதற்குள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

எங்கள் வீட்டில் கடிதத்தைக் கிழித்துப் போடுவதில்லை. சுவரில் தொங்கும் கொக்கிக் கம்பியில் குத்தி வைப்போம். நேற்று அப்பாவுக்குப் போன் போட்டு, அந்தப் படம் வரைந்த கடிதம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"கெடக்குலே. அந்த ஊரு முத்திரையில தேதி தெளிவாத் தெரியுது, விழுந்ததுக்கு மொத நாளு. படத்துக்கு நடுவுல ஓட்ட விழுந்திருக்கு, பரவால்லையா?"

அந்தக் கடிதம் பதிவுத் தபாலில் வந்துகொண்டிருக்கிறது. அதிகாரியிடம் கொடுக்குமுன் ராப்பின் கட்டிலில் விரிப்பேன். முக்கூடல் கம்பி துளைத்த தாளில் தன் ஊர்க் கம்பியை அவன் பார்க்கட்டும். இனி நான் வரையும் படம் எதுவும் ஊர்க்காரர் கை வழியாகப் போகாது.