அறுபது பேருக்குச் சமைத்தது சேவை இல்லையாம்

இன்று காளவாசலில் பஸ் ஏறினால், முன் சீட்டில் என் மகளுடைய பழைய வாத்தியார். நாற்பது வருஷமானாலும் அந்த முகம் எனக்கு மறக்குமா?

எண்பதுகளில் அவர் பள்ளியில் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். பரீட்சையில் பாஸானால் மட்டும் போதாது, பத்து நாள் ஊர்ச்சேவை முகாமும் முடித்தால்தான் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ். பையன்கள் ரோடு போட்டார்கள். என் மகளையும் இன்னும் நாலு பெண்களையும் அறுபது பேருக்குச் சமைக்க விட்டார்கள். கடைசியில் அவள் உட்பட அஞ்சு பேர் பெயருக்கும் எதிரே ‘சேவை செய்யவில்லை’ என்று இவர் எழுதிவிட்டார். கணக்கில் முதலாவதாக வந்தவள், மறு வருஷ முகாமில் மண் சுமந்துதான் சான்றிதழ் வாங்கினாள். காலேஜ் ஒரு வருஷம் தள்ளிப்போனது.

“மக சௌக்கியமாம்மா? அவ வச்ச குழம்பு இன்னும் நாக்குலயே நிக்கிது!” என்றார்.

“அம்புட்டு ருசின்னா ஏன் வாத்தியாரே சேவையில சேக்கல?”

“அது பொம்பளப் பிள்ளைக வீட்டுல செய்யிற வேலைதானம்மா. மம்பட்டி பிடிச்சாத்தான் சேவை.”

“நீங்க எத்தன நாள் பிடிச்சீக?”

“நான் மேற்பார்வைல்ல பாத்தேன்!”

அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிட்டார். அலங்காநல்லூருக்கு டிக்கெட் எடுத்ததை நான் பார்த்தேன்.

அந்தப் பக்கம் யாராவது அவரைப் பார்த்தால் சொல்லுங்கள், நான் இன்னும் பேசி முடிக்கவில்லை.