மடுல்சீமையிலிருந்து பதுளைக்கு: வலிக்காத ஒரு தேமலும் இரண்டு நாள் அலைச்சலும்

இந்தப் பக்கத்தில் வழக்கமாக அருவி, மலை என்று எழுதுவேன். இந்தப் பயணத்தில் ஒரு படம்கூட எடுக்கவில்லை. மார்ச் மாதம் என் அக்கா செல்வராணியை மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பதுளைக்குத் தோல் வைத்தியரிடம் கூட்டிப்போன கதை இது. இதே காரணத்துக்காக இதே வழியில் போகவேண்டியவர்கள் இருப்பீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை பண்டாரவளையிலிருந்து அவளது லயத்து வீட்டுக்குப் போயிருந்தேன். தேத்தண்ணீர் நீட்டிய கையில், முழங்கைக்குக் கீழே வெளிறிய ஒரு வட்டம். அதன் நடுவே தீக்காயம்.

"என்னாக்கா இது?"

"சுடுதண்ணிக் கேத்தல் சுட்டுருச்சு தம்பி. நேத்துத்தான் பாத்தேன்."

"சுட்டது தெரியலியா?"

"வலிக்கலியே. வலிச்சாத்தானே தெரியும்."

தேமல் வந்து இரண்டு வருஷமாம். வைத்தியரைத் தவிர எல்லோரிடமும் காட்டியிருக்கிறாள். கடையில் படைக்குப் போடும் களிம்பு கொடுத்தார்கள். பக்கத்து வீட்டம்மா, மீனும் தயிரும் சேர்த்துச் சாப்பிட்டதால் வந்தது என்றார். அக்காவின் கணவர், என் மச்சான், சோப்பை மாற்றினார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அந்த இரண்டு வருஷத்தில் நான் எத்தனை முறை வந்துபோனேன்! அதுவும் சேர்ந்த கோபம்தான்.

திங்கட்கிழமை காலை 4.45க்கு வரச்சொன்ன ஆட்டோ 5.40க்கு வந்தது. மடுல்சீமை டவுனுக்கு ஏழு கிலோமீட்டர், முக்கால் மணி நேரம், 1,200 ரூபாய். ரோடா இது என்றேன். "மழ பேஞ்சா இதுவும் இருக்காதுங்க" என்றார் டிரைவர். 6.15 பஸ் போய்விட்டது. அடுத்தது 7.10க்கு. பசறை வழியாகப் பதுளைக்குச் சுமார் நாற்பது கிலோமீட்டர், 210 ரூபாய், இரண்டு மணி நேரத்துக்கு மேல்.

போய்ச் சேர்ந்தால், மருத்துவமனையில் தோல் கிளினிக் மறுநாள்தான். பழைய பேஸ்புக் பதிவொன்றை நம்பிக் கூட்டிவந்தவன் நான். அக்கா திட்டவில்லை. "ரெண்டு நாள் பேரு போச்சு தம்பி" என்று மட்டும் சொன்னாள். வேலைக்குப் பேர் விழாவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை. 3,500 ரூபாய்க்கு அறை எடுத்துத் தங்கினோம். மறுநாள் ஆறு மணிக்கு வரிசையில் நின்றும் 41ஆம் நம்பர்.

வைத்தியர் சிங்களப் பெண். நிறுத்தி நிறுத்தித் தமிழ் பேசினார். "கண்ண மூடுங்க. தொடும்போது சொல்லுங்க." பஞ்சால் மணிக்கட்டைத் தொட்டார். "ஆங்" என்றாள் அக்கா. தேமலைத் தொட்டார். சத்தமில்லை. மறுபடி தொட்டார். மூன்றாம் முறையும் தொட்டார்.

"இன்னும் தொடலியா டொக்டர்?" என்றாள் அக்கா, கண்ணை மூடியபடியே.

முழங்கைக்குப் பின்னால் தடித்திருந்த நரம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, தொழுநோய் என்றார். அக்கா கண்ணைத் திறந்ததும் கதவைத்தான் பார்த்தாள், யாருக்காவது கேட்டுவிட்டதா என்று. பிறகு, மீனும் தயிரும் தின்றதாலா என்று வைத்தியரிடம் கேட்டாள்.

"கிருமிதான் காரணம். மீனும் இல்ல, பாவமும் இல்ல. ஆறு மாசம் மாத்திரை, காசு இல்ல. குடிக்கத் தொடங்கினா மத்தவங்களுக்குப் பரவாது. இன்னும் விட்டிருந்தா விரல் மடங்கியிருக்கும். வீட்டாக்கள் எல்லாரையும் கூட்டிட்டு வாங்க."

திரும்பும்போது பஸ்ஸில், "அலர்ஜின்னு சொல்லிருவோம்க்கா" என்றேன். பசறையில் அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"எல்லாரும் தேமல் தேமல்னு சொல்லித்தானே ரெண்டு வருஷம் போச்சு? இனி நானும் பொய் சொல்லணுமா?"

மறுநாள் காலை, வேலைக்குப் பேர் பதியும் பெரட்டில், எல்லோர் முன்னாலும் நோயின் பெயரைச் சொல்லிவிட்டாள். அவளுக்குப் பக்கத்து நிரைகளில் கொழுந்தெடுக்கும் இரண்டு பெண்கள் அன்றே நிரை மாறிப் போனார்கள். அன்றிரவு எனக்குப் போன் செய்து அக்கா அழுதாள். எனக்கு அந்த மலையையே பிடித்து உலுக்கவேண்டும் போலிருந்தது.

போகிறவர்களுக்கு: கிளினிக் நாளை மருத்துவமனைக்கே போன் செய்து கேளுங்கள், என்னைப் போல் ஏமாறாதீர்கள். ஆட்டோவுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே நேரம் சொல்லுங்கள். வட்டமாக அரித்தால் படையாக இருக்கலாம். வீட்டில் எல்லோருக்கும் இரவில் அரித்தால் சொறியாக இருக்கலாம், எல்லோரும் ஒரே நாளில் மருந்து போடவேண்டும். தொட்டால் தெரியாத தேமலென்றால் எந்தக் கடையிலும் களிம்பு கேட்டு நிற்காதீர்கள், நேரே பஸ் ஏறுங்கள்.

அக்காவின் விரல்கள் தப்பின. மச்சானுக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்றுமில்லை. செப்டம்பரில் மாத்திரை முடிந்து கடைசியாகக் காட்டப் போனபோது, நிரை மாறிப்போன இருவரில் ஒருத்தியும் மகளின் முதுகிலிருக்கும் தேமலைக் காட்டவேண்டும் என்று கூடவே கிளம்பினாளாம். பஸ்ஸில் அக்காவை ஒட்டித்தான் உட்கார்ந்தாளாம். கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது.

அக்கா அவளுக்கு ஜன்னலோரம் கொடுத்திருக்கிறாள்.