கம்பெனி பஸ்ஸில் சிரித்த சிரிப்பு

எங்கள் கம்பெனி பஸ்ஸில் அரசியல் பேசக் கூடாது. போன தேர்தலில் இரண்டு பேர் டிபன் பாக்ஸால் அடித்துக்கொள்ளப் போனதும் டிரைவர் அண்ணன் போட்ட சட்டம் அது. ஆந்திராப் பக்கம் சத்தியவேட்டில் ஏறும் நாங்களோ அதை ஆந்திர அரசியலுக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டோம். தமிழ்நாட்டு அரசியல் எங்களுக்கு டிவி சீரியல் மாதிரி. நமக்கு அங்கே ஓட்டா இருக்கு? கம்பெனி இருக்கும் ஸ்ரீ சிட்டி கேட் வரும்வரை கிண்டல்தான்.

அக்கா ஒருத்தி எனக்கு முன்பே, தமிழ்நாட்டுப் பக்கம் ஊத்துக்கோட்டையில் ஏறுவாள். பக்கத்து சீட்டில் பையை வைத்து எனக்கு இடம் பிடிப்பாள். நாலு வருஷப் பழக்கம். அவளுக்கு ஓ நெகட்டிவ் ரத்தம் என்பது ஐடி கார்டைப் பார்த்துத் தெரியும். என் அம்மாவுக்கும் அதேதான். அம்மாவுக்குத் திருப்பதியில் ஆபரேஷன் என்றதும், "நான் வந்து குடுக்கறேன், நீ கவலப்படாதே" என்றாள்.

ஆபரேஷனுக்கு மூன்று நாள் இருக்கும்போது, தமிழ்நாட்டுக் கட்சி ஒன்றைப் பற்றிப் பஸ்ஸில் பேச்சு வர, வாயை அடக்காமல் நான் சொன்னேன்: "அந்தக் கட்சிக்காரங்க சாவு வீட்டுக்குப் போனாலும் கொடியத் தூக்கினு போய் போட்டோ எடுத்துக்குவாங்க."

பஸ்ஸே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. மறுநாள் பை அவள் மடியில் இருந்தது. பக்கத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

போன் செய்தேன், எடுக்கவில்லை. வாய்க்கொழுப்பு சீலையில் வடிந்துவிட்டது. அந்த ரத்தத்துக்கு வேறு யாரைத் தேடுவேன்? எனக்கு வந்த கோபமெல்லாம் என்மேலேயே. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

ஆபரேஷன் அன்று காலை நர்ஸம்மா இரண்டு தடவை வந்து, "டோனர் ஒச்சாரா?" என்று தெலுங்கில் கேட்டுவிட்டாள். வந்துகினு இருக்காங்க என்று பொய் சொன்னேன்.

எட்டரைக்கு அக்கா படியேறி வந்தாள். என்னிடம் பேசாமல் நேரே உள்ளே போய் ரத்தம் கொடுத்தாள். வெளியே வந்து, கையில் பஞ்சை அழுத்தியபடி உட்கார்ந்தாள்.

"எங்க நைனா செத்தப்போ சொந்தக்காரன் ஒருத்தனும் வரல. அந்தக் கட்சிக்காரங்கதான் கொடியப் போத்தித் தூக்கினு போனாங்க."

"இனிமே பஸ்ல அரசியலே பேச மாட்டேன்க்கா" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"பேசாம இருந்தா ஆச்சா? நாலு வருசமா பக்கத்துல உக்காந்துகினு வர்றே. எங்க நைனாவப் பத்தி ஒரு வார்த்த கேட்டியா?"

நான் கேட்டதே இல்லை.