தனுத்தா படித்த இங்கிலீஷ்

அறுபது வயதைத் தாண்டிய பிறகு தனுத்தா இங்கிலீஷ் வகுப்புக்குப் புறப்பட்டபோது மரியதாசன் பேசாமல் இருந்திருக்கலாம். மனிதருக்கு அது வராது. "இந்த வயசில படிச்சு ஆரோட கதைக்கப் போறீர்?" என்று கேட்டுவிட்டார். அவள் குனிந்து சப்பாத்தைப் போட்டுக்கொண்டே, "சிசிலியோட" என்றாள்.

தனுத்தா போலந்துக்காரி. மரியதாசன் யாழ்ப்பாணத்துப் பாஷையூரில் பிறந்தவர். எண்பதுகளில் கப்பல் இயந்திரம் படிக்கவென்று போலந்துக்குப் போனவர், படிப்பைப் பாதியில் விட்டாலும் பெண்ணை விடவில்லை. இருவரும் கனடாவுக்கு, மொன்றியலுக்கு வந்தார்கள். அவர் துறைமுகத்தில் கொள்கலன் இறக்கினார். அவள் கார்தெரி எனப்படும் பிள்ளைகள் காப்பகம் ஒன்றில் சமைத்தாள். ரொக்ஸ்பரோவில் ஒரு வீடும் வாங்கினார்கள். வீட்டுக்குள் எப்போதும் போலிஷ்தான். ஆனால் இத்தனை காலம் கூட இருந்ததாலோ என்னவோ, அவள் போலிஷில் சொல்வது மரியதாசனின் காதில் யாழ்ப்பாணத் தமிழாகவே விழும். வெளியே பிரெஞ்சு போதும். இங்கிலீஷ் என்றால் பால், பாண், குளிர், தேங்க்யூ, அவ்வளவுதான். மகன் மாரெக் ஹலிஃபக்ஸ் பெண் சிசிலியைக் கட்டும்வரை அதில் ஒரு குறையும் தெரியவில்லை. சிசிலிக்கு இங்கிலீஷைத் தவிர வேறொன்றும் வராது.

போலந்துக்காரர் வீட்டில் நத்தாருக்கு முதல் நாள் பொழுதுபட்டதும் ஒரு சடங்கு உண்டு. கத்தோலிக்கப் பூசையில் கொடுக்கும் அப்பத்தைப் போல மெல்லிய வெள்ளை அப்பம் ஆளுக்கொன்று கையில் இருக்கும். ஒருவர் அப்பத்தில் மற்றவர் ஒரு துண்டு உடைத்து, முகத்துக்கு நேரே பார்த்து வாழ்த்த வேண்டும். மனத்தாங்கல் ஏதும் இருந்தால் அதையும் அங்கேயே சொல்லித் தீர்க்க வேண்டும். சும்மா 'மெரி கிறிஸ்மஸ்' என்று சொல்லி நழுவ முடியாது. அதற்குப் பிறகுதான் சாப்பாடு. அன்றைக்கு இறைச்சி இல்லை என்பதால் பீற்றூட் சூப்புக்குப் பக்கத்தில் மரியதாசனின் மீன் குழம்புக்கும் இடம் கிடைக்கும்.

முந்தின வருடத்துக்கு முந்தின வருடம் அந்த மேசையில்தான் எல்லாம் கெட்டது. தனுத்தா சிசிலியின் அப்பத்தை உடைத்து, "அடுத்த வருசம் உன்ர பிள்ளையும் இந்த மேசையில இருக்க வேணும்" என்று வாழ்த்தினாள். எந்த மாமியாரும் சொல்வதுதான். மரியதாசன், தன்னைப் போல மொழிபெயர்ப்பாளர் உலகத்தில் இல்லை என்ற நினைப்பில், ஒரு சொல் பிசகாமல் அதை இங்கிலீஷில் சொன்னார். சிசிலியின் முகம் வெளுத்தது. அப்பத்தை மேசையில் வைத்துவிட்டு, கோட்டை எடுத்துக்கொண்டு பனிக்குள் இறங்கிப் போனாள். வயிற்றிலிருந்த பிள்ளையை அவள் பறிகொடுத்துச் சில கிழமைகள்தான் ஆகியிருந்தன. அன்றிரவு மாரெக் சொல்லும்வரை வேறு ஒருவருக்கும் அது தெரியாது.

அடுத்த நத்தாருக்கு அவர்கள் வரவில்லை. தான் போனில் பேசி மன்னிப்புக் கேட்பதாக மரியதாசன் சொன்னார்.

"வேண்டாமப்பா. உங்கட வாயால ஒருக்கால் போனது போதும்" என்றாள் தனுத்தா. அவருக்குச் சுருக்கென்று தைத்தது. "நானே சொல்லுவன். அப்பத்தைக் கையில வைச்சுக்கொண்டு, அவளின்ர முகத்தைப் பார்த்துச் சொல்லுவன்."

பாண், பால் எல்லாம் விரலால் காட்டிப் படிக்கக்கூடிய சொற்கள். இடைநிலை வகுப்பில் வந்த சொற்களை எந்த விரலாலும் காட்ட முடியவில்லை. வருத்தம், இழப்பு, ஆறுதல், மன்னிப்பு. போலிஷ் சொல்லைப் போலவே ஒலித்துவிட்டு, நம்பினால் கழுத்தறுக்கும் சொற்கள் வேறு. போதாததற்கு, பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் 'த' என்றொரு சின்னச் சொல். போலிஷில் அப்படியொன்று இல்லாததால், எங்கே போடுவதென்று தெரியாமல் அவள் கண்ட இடமெல்லாம் அதைத் தூவினாள். "த சிசிலி" என்பாள். மரியதாசன் சிரிப்பார். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே "ரிக்ரெட், ரிக்ரெட்" என்று அவள் குளிர்ப்பெட்டியிடம் சொல்வதைக் கேட்டால் மட்டும் சிரிப்பு வராது. எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாரெக் போன் எடுப்பான். "இந்த முறை நத்தாருக்கு ரெண்டு பேரும் வாறியளோ?" என்று தனுத்தா தவறாமல் கேட்பாள். "ஓம் அம்மா, வாறம்" என்பான்.

வந்தான். நத்தாருக்கு முதல் நாள், தனியாக வந்தான். தனுத்தா வாசலில் அவனை விலக்கிக்கொண்டு தெருவை எட்டிப் பார்த்தாள்.

"சிசிலி காருக்குள்ளயோ?"

அவன் கோட்டைக் கழற்றவில்லை. "கோடையிலேயே பிரிஞ்சிட்டம் அம்மா. நீங்கள் படிக்கிற படிப்பைப் பார்த்து என்னால சொல்ல முடியேல்லை."

மரியதாசனுக்கு அவனை அறைய வேண்டும் போலவும் இருந்தது, கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலவும் இருந்தது. தனுத்தா அழவில்லை. "அவளுக்குப் போனைப் போடு" என்றாள்.

"அம்மா, உங்களால இல்லை. எங்களுக்குள்ள வேற பிரச்சினையள்."

"போடு."

மேசை நடுவில் போனை வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டினான். சிசிலியின் குரல் வந்ததும் தனுத்தா அவளுக்கென்று வைத்திருந்த அப்பத்தை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றாள். முகமில்லாத போனைப் பார்த்து இங்கிலீஷில் சொன்னாள். தெரியாமல் உன் காயத்தில் கை வைத்துவிட்டேன். உன் பிள்ளைக்காக நானும் துக்கப்படுகிறேன். என்னை மன்னித்துக்கொள். இரண்டொரு இடத்தில் 'த' வேண்டாமல் விழுந்தது. மற்றபடி எங்கேயும் தடுக்கவில்லை.

அந்தப் பக்கம் சிசிலி அழுவது கேட்டது. பிறகு மெதுவாகப் பேசினாள்.

"நான் உங்களை எப்போதோ மன்னித்துவிட்டேன், தனுத்தா. ஆனால் உங்கள் குரலைக் கேட்டால் அந்த மேசை நினைவுக்கு வருகிறது. பிறகு என் இழப்பைத் தவிர வேறெதையும் நினைக்க முடிவதில்லை. எனக்கு ஆறுதல் வேண்டும். தயவுசெய்து இனி என்னோடு தொடர்பு வேண்டாம்."

போன் அணைந்தது. மாரெக் தலைகுனிந்தான்.

மரியதாசன் தனுத்தாவின் பக்கம் திரும்பினார். சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்து ஒரு வீட்டைக் குலைத்த மனிதர், இந்த முறை பொய் சொல்லத் துணிந்துவிட்டார். களைப்பாய் இருக்கிறாளாம், பிறகு போன் எடுக்கிறாளாம் என்று சொல்லிவிட்டால் போதும். நத்தார் கழியட்டும்.

"என்னெண்டால்..." என்று தொடங்கினார்.

தனுத்தா கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள். உடைபடாத அப்பத்தைச் சிசிலிக்கென்று வைத்த தட்டில் திரும்ப வைத்தாள்.

"வேண்டாமப்பா" என்றாள். "எல்லாம் நான் படிச்ச சொல்லுத்தான்."