ஈயத்தின் இடத்தில் நூற்றெழுபத்தொன்பது

கல்லூரி இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன் நான். பாடம் நடத்தியது கிடையாது. மாணவர்களுக்குக் கருவிகளை எடுத்து வைப்பது, அவர்கள் உடைத்ததை ஒட்டுவது, சாயங்காலம் எல்லாவற்றையும் எண்ணிப் பூட்டுவது, இவைதான் என் வேலை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் ஓய்வு பெற்ற வருடம் கழித்துப்போட்ட சாமான்களை ஏலம் விட்டார்கள். ஓர் எண்ணு கருவியும், வாயு அடைத்த உணர்குழாய் ஒன்றும் எனக்குக் கிடைத்தன. அவற்றைக் கல்லிடைக்குறிச்சி வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, இதற்கும் நான்தான் தூசி தட்டவேண்டுமா என்று என் மனைவி கேட்டாள். எட்டு மாதம் தட்டினாள். அதற்குப் பிறகு அவள் இல்லை. எங்களுக்குப் பிள்ளைகளும் இல்லை. வீட்டில் ஐந்து அறைகள். நான் புழங்குவது இரண்டில்.

அந்த இரண்டில் ஒன்றில் கருவி இருந்தது. தூத்துக்குடியில் பழைய கப்பல் சாமான் விற்கிறவரிடம் ஒரு தீ எச்சரிக்கைக் கருவி வாங்கி, அதற்குள் இருந்த பொட்டு அளவுக் கதிர்வில்லையை எடுத்து அலுமினியக் கூட்டுக்குள் பொருத்தியிருந்தேன். அதன் கதிர் ஒரு பொருளின் மேல் பட்டால், அதில் உள்ள ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஓர் எக்ஸ் கதிரைத் திருப்பி உமிழும். குமிழைத் திருப்பி இரும்பின் இடத்தில் வைத்தால் இரும்பை எண்ணலாம். ஈயத்தின் இடத்தில் வைத்தால் ஈயத்தை எண்ணலாம். ஈயத்தையும் பாதரசத்தையும் மட்டும் பிரித்துச் சொல்ல என் குழாயால் முடியாது. இரண்டும் பக்கத்துப் பக்கத்து இடங்கள்.

எனக்குப் பிடித்தது மிகச் சிறிய மாதிரிகள். கடுகில் கால் பங்கு போதும். மெல்லிய பிளாஸ்டிக் படலத்தை ஒரு சட்டத்தில் ஒட்டி, நடுவில் பொடியை வைத்து, அதன்மேல் இன்னொரு படலத்தை மூடி விரலால் பைய நீவிவிட வேண்டும். கட்டைவிரல் கனமாக விழும், ஆள்காட்டி விரல் இழுத்துவிடும். மோதிர விரல்தான் சரி. பிறகு பத்து நிமிடம் எண்ண வேண்டும். மாதிரியே இல்லாத வெற்றுச் சட்டமும் கொஞ்சம் எண்ணிக்கை காட்டும். அதைக் கழித்தால்தான் உண்மை தெரியும். அதற்காக முதல் மாதத்திலேயே ஒரே இருப்பில் இருபது வெற்றுச் சட்டங்கள் செய்து டப்பாவில் போட்டுவைத்திருந்தேன். அவை ஈயத்தின் இடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு காட்டும். பதினான்கு கூடும், பதினான்கு குறையும். மின்சாரம் ஏறி இறங்கினால் எல்லாம் கெட்டுவிடும். அப்படி வீணான அளவுகளுக்கு என்றே தனி நோட்டு வைத்திருந்தேன்.

என் வீட்டுக்கு வருகிறவர் ஒரே ஒருவர்தான். ஆழ்வார்குறிச்சியில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்த பாய். என் மனைவிக்குக் கஷாயச் சரக்கு கொடுத்து வந்தவர். வியாழக்கிழமைதோறும் மலைச்சரக்கு வாங்க எங்கள் ஊருக்கு வருவார்; அவள் போன பிறகும் பதினொன்றேகால் மணிக்கு என் வீட்டுக்குள் நுழைவதை அவர் நிறுத்தவில்லை. இரண்டு டம்ளர் தேநீர் நான் போடுவது அந்த ஒரு நாள்தான். ஒரு செப்புக்காசு, உடைந்த பாசிமணி என்று எதையாவது மடித்துக் கொண்டுவருவார். எண்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே, "இந்தக் குழாய் பொய் சொல்லாதுல்லா, சார்வாள்? எங்க மச்சானை ஒரு தடவ உள்ள வச்சுப் பாக்கணும்" என்பார்.

ஒரு வியாழக்கிழமை அவர் சிரிக்காமல் வந்தார். காகிதத்தில் வெள்ளைப் பொடி இருந்தது. அவரே புடம் போட்டுச் செய்யும் சங்கு பற்பம், வயிற்றெரிச்சலுக்குக் கொடுப்பது. அவருடைய வாடிக்கைக்காரர் ஒருவரிடம் ஒரு டாக்டர், நாட்டு மருந்தில் ஈயமும் பாதரசமும் இருக்கும், தொடாதே என்று சொல்லியிருக்கிறார். தன் பொடியில் சங்கைத் தவிர ஒன்றும் இல்லை என்று என் கருவி சொல்லிவிட்டால் போதும், பிறகு யார் கேட்டாலும் பதில் சொல்வேன் என்றார்.

ஈயத்தின் இடத்தில் முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று வந்தது. இன்னொரு மாதிரி செய்தேன். முந்நூற்று எண்பத்தெட்டு. மூன்றாவதாகச் செய்ததும் அதை ஒட்டியே வந்தது. முதல் எண்ணிலிருந்து வெற்றுச் சட்டத்தைக் கழித்து நோட்டில் நூற்றெழுபத்தொன்பது என்று எழுதி, அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

அவர் வெகுநேரம் அதைப் பார்த்தார். "இதுல தப்பு வர வழி இருக்கா, சார்வாள்?"

இல்லை என்றேன். வெற்றுச் சட்டத்தைக் கழித்திருக்கிறேன், மூன்று முறை எண்ணியிருக்கிறேன் என்றேன். அதைச் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"எங்க வீட்ல அவ பதினாறு வருசமா இதத்தான் தின்னுதா" என்றார். காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். தேநீர் அப்படியே இருந்தது.

அடுத்த வியாழன் அவர் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. மொத்தம் ஒன்பது வியாழக்கிழமைகள். முதல் மூன்றிலும் இரண்டு டம்ளர் போட்டேன். நான்காவதிலிருந்து ஒன்று.

பத்தாவது வியாழனுக்கு இரண்டு நாள் முன்பு கை தவறி அந்த டப்பா கீழே விழுந்தது. மிச்சமிருந்த நான்கு வெற்றுச் சட்டங்களும் கிழிந்துபோயின. புதிதாக ஒன்று செய்து, பழக்கத்தில் அதையும் எண்ணிவைக்கலாம் என்று வைத்தேன். ஒன்றுமே இல்லாத சட்டம் முந்நூற்று எண்பத்தாறு காட்டியது.

மின்சாரத்தைச் சந்தேகித்தேன். படலச் சுருளைச் சந்தேகித்தேன். மறுநாள் முழுவதும் குழாயைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். மாறவில்லை. வேறொரு சட்டத்தை ஒட்டும்போது வலது கையில் தசைப்பிடிப்பு வந்து, இடது கட்டைவிரலால் நீவினேன். இருநூற்றொன்பது வந்தது.

அப்போதுதான் என் வலது மோதிர விரலைப் பார்த்தேன். நக ஓரத்தில் சிவப்பாக ஒரு கோடு.

தினமும் குளித்து, விபூதி பூசிக்கொண்டு, என் மனைவியின் படத்துக்கு அந்த விரலால்தான் குங்குமம் வைப்பேன். பிறகு நேராகக் கருவிக்கு முன்னால் வந்து உட்காருவேன். அவள் போன பிறகு, பாயின் பொடியைத் தவிர வேறெதையும் நான் ஈயத்தின் இடத்தில் எண்ணியதில்லை. அந்த இருபது சட்டங்களைச் செய்த மாதத்தில் படமும் இல்லை, அதற்குக் குங்குமமும் இல்லை. அவள் தனக்கென்று எங்கேயோ வாங்கிவந்தாள். எங்கே என்று நாற்பது வருடத்தில் நான் கேட்டதில்லை. நான் வைத்துக்கொண்டிருந்தது கண்ணில் பட்ட கடையில் வாங்கிய பொட்டலம். அதில் ஒரு துளியை எடுத்துக் கருவியில் வைத்தேன். ஒரு நிமிடத்துக்குள் இரண்டாயிரத்தைத் தாண்டியது; நிறத்துக்காக ஈயமோ பாதரசமோ கலந்த சரக்கு. நிறுத்திவிட்டேன்.

பாய் அன்று கொண்டுவந்த காகிதத்திலிருந்து மேசை விளிம்பில் சிந்திய கொஞ்சம் பொடி இன்னும் துடைக்காமல் கிடந்தது. மூன்று முறை சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, இடுக்கியால் அதை எடுத்துச் சட்டத்தில் வைத்து, இடது கையாலேயே மூடி எண்ணினேன். இருநூற்றுப் பதினான்கு. அது சங்குப்பொடிதான்.

வியாழக்கிழமை காலை நோட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கடையில் பாய் வேர் நறுக்கிக்கொண்டிருந்தார். எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். நான் உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன்; விரலையும் காட்டினேன். அவர் நோட்டை வாங்கவில்லை.

"அன்னைக்கும் இதே நோட்டைத்தான காட்டுனீய, சார்வாள்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

இரண்டு ஜாடி பொடியையும் மண்ணில் புதைத்துவிட்டதாகச் சொன்னார். இத்தனை நாளும் ராத்திரி மனைவி மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்ததாகவும், டாக்டரிடம் கூப்பிட்டால் அவள் வரவே மறுத்துவிட்டதாகவும் சொன்னார்.

கடைக்குப் பின்னால்தான் வீடு. திரைக்கு அந்தப்பக்கமிருந்து அந்த அம்மாளின் குரல் வந்தது. "நான் எங்க நிறுத்துனேன்? இவரு குழி தோண்டப் போறதுக்கு முந்தியே ஒரு குப்பி எடுத்து அரிசிப் பானைக்குள்ள வச்சிட்டேன். இவரு பேச்சைக் கேட்டா என் வயிறு என்னத்துக்கு ஆகும்?"

பாய் கத்தியைக் கீழே வைத்தார். முகத்தைத் துண்டால் துடைத்தார். சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு எனக்குத் தேநீர் சொல்லிவிட்டார்.

இனி பழையபடி பொடி செய்யலாமே என்றேன். வேண்டுமானால் அவரே வந்து அவர் கையாலேயே சட்டம் செய்து, அவரே எண்ணிப் பார்க்கட்டும் என்றேன். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"உங்கமேல ஒண்ணுமில்ல. நம்பாமலும் இல்ல. ஆனா இனிமே ஒருத்தருக்குப் பொட்டலம் மடிக்கும்போது கை நிக்கும், சார்வாள். நின்ன கையால மருந்து கொடுக்கக் கூடாது."

வியாழக்கிழமை வாரேன் என்று சொல்லித்தான் அனுப்பினார். வரவில்லை. எங்கள் ஊர்ச் சரக்கை இப்போது ஆள் வைத்து எடுக்கிறார் என்று தெரிந்தது. இரண்டு வாரம் பார்த்துவிட்டு நானே போக ஆரம்பித்தேன். வியாழக்கிழமைதோறும் பத்தேகால் பஸ். அந்த ஸ்டூலில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். மழை, ஆற்றில் தண்ணீர், நெல் விலை என்று பேசுவோம். கருவியைப் பற்றி அவர் கேட்பதில்லை. நானும் சொல்வதில்லை.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு யாராவது வந்து சங்கு பற்பம் கேட்பார்கள். "இல்ல, இப்போ செய்யதில்ல" என்பார் பாய். என்னைப் பார்க்கமாட்டார், பார்க்காமல் இருப்பதற்காகத் தராசுத் தட்டைத் துடைப்பார். கேட்டவர் படி இறங்கிப் போகும்வரை நான் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பேன். போன வியாழன் வரை, நான் இருக்கும்போது மட்டும், பதினேழு பேர் கேட்டிருக்கிறார்கள்.