இரண்டாவது திருகு

மானேபஞ்சாங் வண்டி ஸ்டாண்டில் தில்மான் ராய் எங்கே என்று கேட்டால் யோசிப்பார்கள். பானி கைலா என்று கேட்டால் உடனே கை காட்டுவார்கள். வீட்டில் நான்காவது ஆண்பிள்ளை என்பதால் கைலா. ரேடியேட்டர் தண்ணீரைப் பற்றி ஓயாமல் பேசிப் பேசியே பானி என்ற பட்டத்தையும் சம்பாதித்து வைத்திருந்தார்.

பேசுவதற்கு அவருக்குத் தகுதி இருந்தது, அதை மறுக்க முடியாது. டோங்லு ஏற்றத்தில் எல்லா லேண்ட் ரோவரும் ஆவி கக்கிக்கொண்டு ஓரம் கட்டும்போது அவருடையது மட்டும் அலட்டிக்கொள்ளாமல் ஏறும். தினமும் கிளம்புமுன் ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பார். விசிறி பெல்ட்டைக் கட்டை விரலால் தட்டிப் பார்ப்பார். ரேடியேட்டர் தகடுகளுக்கிடையே சிக்கிய பூச்சிகளைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் எடுப்பார். அத்தோடு நிறுத்தினால் என்ன? வழியில் எவன் வண்டி கொதித்து நின்றாலும் இவர் இறங்கிவிடுவார்.

"டேய் சுக்ராஜ், மூடியத் தொடாத! ஆவி அடிச்சா மூஞ்சி வெந்துடும். அப்புறம் உன் பொண்டாட்டி யாரோ பரதேசின்னு கதவச் சாத்திடுவா."

"வெந்தாலாவது கொஞ்சம் சிவப்பாவேனே தாஜு!" என்பான் சுக்ராஜ். தாஜு என்றால் அண்ணன். வாயாடி, ஆனால் தில்மான் சொன்னால் கையை எடுத்துவிடுவான்.

அந்த மலையில் யாரும் ரேடியேட்டரில் உறையாத கூலன்ட் ஊற்றுவதில்லை. பாதி ஏற்றத்திலேயே கொதித்து வெளியே போகிறதைக் காசு கொடுத்து வாங்கி ஊற்ற எவனுக்கு மனசு வரும்? ஊற்றுத் தண்ணீர்தான். அதனால் பனிக்காலத்தில் மேலே தங்கினால் சாயங்காலமே தண்ணீரை இறக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் அது உறைந்து, பெருத்து, இரும்பையே பிளந்துவிடும். இறக்க இரண்டு திருகுகள் உண்டு. ஒன்று ரேடியேட்டருக்கு அடியில், கைக்கு எட்டும். இன்னொன்று எஞ்சினின் பக்கவாட்டில். முழங்கை வரை உள்ளே விட்டுத் திறந்து, துருவைக் கம்பியால் குத்தினால்தான் தண்ணீர் வரும். இரண்டையும் திறந்த வண்டிக்கு அடியில் காலையில் இரண்டு ஐஸ் வட்டங்கள் கிடக்கும். மறுபடி ஊற்றுவதற்கு விடுதிக்காரர்கள் வெந்நீர் வைத்துக் கொடுப்பார்கள்.

மேலே காலிபோக்ரியில் நிம்புட்டி ஷெர்பாவின் விடுதியில்தான் ஸ்டாண்டு முழுக்கத் தங்கும். புருஷன் போன பிறகு நான்கு அறைகளையும் ஓர் அடுப்பையும் வைத்துக்கொண்டு தனியாகக் காலம் தள்ளியவள் அவள். குழந்தையைக் குளிப்பாட்டுகிறவளைப் போல வாளிக்குள் முழங்கையை விட்டுப் பார்த்து, பதமாக விளாவித்தான் கொண்டுவருவாள். சில்லிட்டுக் கிடக்கும் இரும்பில் கொதிநீரை ஊற்றினால் விரிசல் விடும் என்பதும் அவளுக்குத் தெரியும். அதைச் சொல்லிக் கொடுத்ததே தான்தான் என்று தில்மான் பெருமையடித்துக்கொள்வார்.

அன்று சாயங்காலம் முதல் திருகைத் திறந்துவிட்டு இரண்டாவதற்காகக் கையை உள்ளே விடப்போன நேரத்தில், சுக்ராஜின் வண்டியில் குழாய் வெடித்தது. விடுவாரா? ஓடிப்போய்ச் சுற்றி நின்ற பயணிகளுக்கும் சேர்த்து ஒரு பிரசங்கம் செய்தார். குழாயை எப்படி அழுத்திப் பார்க்க வேண்டும், இந்தக் காலத்துப் பயல்கள் எப்படிப் பார்ப்பதே இல்லை, எல்லாம். ஒரு பயணி அதைப் படம்கூட எடுத்தார். அந்தக் குஷியிலேயே நேராக அடுப்படிக்குப் போய், நிம்புட்டி வைத்த சூடான தோங்பா என்ற தானியக் கள்ளுக் குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

காலையில் அவர் கைக்கு எட்டிய திருகை மட்டும் மூடினார். நிம்புட்டி வழக்கம்போல முழங்கையை விட்டுப் பார்த்து ஊற்றினாள். நின்ற இடத்திலேயே எஞ்சினைக் கிளப்பினார். கொஞ்ச நேரத்தில் அடியில் தண்ணீர் கொட்டியது. தில்மான் மல்லாந்து உள்ளே போய்ப் பார்த்தார். எஞ்சின் பக்கவாட்டில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். இரண்டாவது திருகு துரு கலையாமல் மூடியபடியே இருந்தது. மண்ணில் ஒரே ஒரு ஐஸ் வட்டம்.

அங்கேயே படுத்தபடி அவர் செய்த காரியத்தைச் சொல்லவே நாக்கு கூசுகிறது. நேற்றே திறந்ததுபோலத் தெரிய, திருகைத் திறந்து, துருவைக் கலைத்து, மறுபடி மூடினார். திருகின் வாயை அடைத்த ஐஸ் இன்னும் உருகாததால் ஒரு சொட்டும் வரவில்லை. வெளியே சுக்ராஜின் பூட்ஸ் தெரிந்தது.

"என்ன தாஜு, என்ன ஆச்சு?"

எழுந்து வந்தார். முற்றம் முழுக்க டிரைவர்கள். பானி கைலாவின் வண்டியில் தண்ணீர் ஒழுக்கா என்று எல்லார் முகத்திலும் ஆச்சரியம். ஒரு வார்த்தை, 'மறந்துட்டேன்'. அது தொண்டை வரை வந்தது. வாயோ வேறொன்றைச் சொன்னது.

"கொதிக்கக் கொதிக்க ஊத்திட்டா. இரும்பு பொளந்துடுச்சு."

நிம்புட்டி காலி வாளியுடன் நின்றாள். அவரையே பார்த்தாள். பிறகு அடுப்படியிலிருந்து சாம்பல் அள்ளி வந்து, யாரும் வழுக்கி விழாமலிருக்க, வண்டி நின்ற இடத்தில் தூவினாள். அடுப்படிக்குத் திரும்பிப் போனாள்.

எஞ்சினைச் சிலிகுரியில் ஒட்டுப் போட்டுச் சரிசெய்துவிட்டார்கள். நிம்புட்டியின் பிழைப்புக்கு யார் ஒட்டுப் போடுவது? அடுத்த மாதமே அவளுக்குக் கொதிதண்ணி நிம்புட்டி என்று பெயர் வைத்தாயிற்று. வண்டிகள் அவள் முற்றத்தைத் தாண்டி எதிர் விடுதியில் போய் நின்றன. வண்டி நிற்காத இடத்தில் பயணி எப்படி இறங்குவான்? கடந்து போகும் ஒவ்வொரு முறையும் தில்மான் அவள் விடுதி இருக்கும் வலது பக்கம் பார்க்காமல் ஓட்டினார். அவமானத்தில் காது மடல் சுடும். வீட்டில் சோறு இறங்கவில்லை.

தாங்க முடியாமல் ஒருநாள் ஸ்டாண்டு டீக்கடையில் எல்லார் முன்னாலும் சொன்னார்.

"அவ மேல தப்பே இல்லடா. நான்தான் ரெண்டாவது திருகத் தொறக்க மறந்துட்டேன்."

சுக்ராஜ் விழுந்து விழுந்து சிரித்தான். "நீங்க? மறந்தீங்க? தாஜு, எங்க அப்பன் பேர நான் மறந்தாலும் நீங்க திருக மறக்க மாட்டீங்க. பாவம், பொம்பளன்னு பழிய உங்க தலையில ஏத்திக்கிறீங்களா? இந்த மனசு யாருக்கு வரும்! ஏய், தாஜுவுக்கு ஒரு டீ போடு, என் கணக்குல!"

எவ்வளவு சொல்லியும் எவனும் நம்பவில்லை. தில்மான் அந்த டீயைக் குடித்தார். அதைக் குடித்ததுதான் எல்லாவற்றையும்விடக் கேவலம் என்று அவருக்குத் தோன்றியது.

மறுநாள் நிம்புட்டியின் வாசலில் போய் நின்றார். அவள் சுர்பி என்ற காய்ந்த பால்கட்டிச் சரங்களைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள்.

"நிம்புட்டி, அன்னைக்கு நான்..."

"தெரியும் தாஜு. சாம்பல் போட்டேனே, அப்பவே பாத்தேன். ஐஸு ஒண்ணுதான் கெடந்துச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"பானி கைலா ஒண்ணு சொல்லி, நான் வேற சொன்னா எவன் கேப்பான்? பொழுது சாயறதுக்குள்ள நீங்களே சொல்லிடுவீங்கன்னு இருந்தேன்." சரத்தில் அடுத்த முடிச்சைப் போட்டாள். "ஒரு வருஷம் ஆகப்போகுது."

உட்காரச் சொல்லவில்லை. அவரும் உட்காரவில்லை.

அடுத்த பனிக்காலத்தில் ஒரு நாள் பனி கொட்டிப் பாதை மூடிக்கொண்டது. எதிர் விடுதி நிரம்பி வழிந்ததால் வேறு வழியில்லாமல் நான்கைந்து வண்டிகள் நிம்புட்டியின் முற்றத்துக்கே வந்தன. காலையில் டிரைவர்கள் வெந்நீரைத் தாங்களே விளாவிக்கொள்ளப் போவதாக முணுமுணுத்தார்கள். தில்மான் வண்டியின் முன்மூடியைத் தூக்கி நிறுத்தினார்.

"நிம்புட்டி, எனக்கு நீயே ஊத்து."

"வேணாம் தாஜு," என்று சுக்ராஜ் ஓடிவந்தான். "மறுபடியும் எதுக்கு வம்பு?"

"நீ அடியில போ."

"எதுக்கு?"

"போடான்னா போ. ஐஸு எத்தனைன்னு பாத்துச் சொல்லு."

சுக்ராஜ் முனகிக்கொண்டே பனியில் மல்லாந்து உள்ளே போனான். "ரெண்டு. ரெண்டு திருகு, ரெண்டு ஐஸு. இது தெரியாதா?"

"அன்னைக்கு எத்தனை கெடந்துச்சுன்னு அவளக் கேளு."

நிம்புட்டி வாளியைக் கீழே வைத்தாள். எல்லாரும் அவளையே பார்த்தார்கள்.

"ஒண்ணு," என்றாள்.

 சுக்ராஜ் மெதுவாக வெளியே வந்தான். முதுகில் ஒட்டிய பனியைக்கூடத் தட்டாமல் தில்மானைப் பார்த்தான். அந்தப் பார்வையை அவர் குனியாமல் வாங்கிக்கொண்டார். 

"தண்ணி ஆறுது," என்றாள் நிம்புட்டி. முழங்கையை விட்டுப் பார்த்து, சிந்தாமல் ஊற்றினாள்.

அவள் நிமிரும்போது சுக்ராஜ் தன் வண்டியின் மூடியைத் திறந்துகொண்டிருந்தான். "தீதி, எனக்கும் ஒரு வாளி," என்று அக்கா முறை வைத்துக் கேட்டான். பிறகு மற்றவர்களும் கேட்டார்கள். தில்மானிடம் யாரும் பேசவில்லை. கீழே இறங்கும் வரை யார் வண்டியும் அவருக்காக நிற்கவில்லை.

இப்போது மானேபஞ்சாங்கில் பானி கைலா என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஒத்த ஐஸு என்று கேட்க வேண்டும். ஏற்றத்தில் எவன் வண்டி கொதித்தாலும் அவர் இறங்குவதில்லை. ஸ்டாண்டின் அந்தக் கோடியிலிருந்து சுக்ராஜ், "ஏ ஒத்த ஐஸு!" என்று கத்துவான். பயணிகள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். தில்மானுக்கு ஒவ்வொரு தடவையும் முகம் சிவக்கும்.

"என்னடா?" என்று கேட்பார்.