மூன்றாம் பாகத்துக்கு ஓர் ஏற்புரை

ஒரு லாரியை வைத்து மூன்று நாவல் எழுதினேன். அரியலூர் சாலையில் சுண்ணாம்புக்கல் ஏற்றிப்போன லாரி, பைக்கில் வந்த ஒருவரை அடித்துவிட்டு நிற்காமல் போய்விடுகிறது. அது விபத்தல்ல, கொலை என்று ஓர் இன்ஸ்பெக்டருக்குச் சந்தேகம். முதல் பாகம் அங்கே தொடங்கியது. மூன்றாம் பாகத்தின் கடைசிப் பக்கம் வரை ஓட்டியவன் யாரென்று நான் சொல்லவில்லை. இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போகிறார், அவ்வளவுதான்.

அது வெளிவந்த நாளிலிருந்து நிம்மதி போயிற்று. பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குத் தினமும் பஸ்ஸில் போய்ப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவன் நான். ஜன்னலோரம் கொஞ்சம் கண்ணயர விடமாட்டார்கள். "ரெண்டோட நிறுத்தியிருக்கலாம் சார்" என்பார் ஒருவர். நடுவில் ஒரே வளவளப்பு என்பார் இன்னொருவர். கதையில் வரும் குவாரி முதலாளி தன் சம்பந்திதானே என்று ஒருவர் காதோடு கேட்டார். இல்லை என்றதும் முகம் வாடிவிட்டது. ஓய்வுபெற்ற லைன்மேன் ஒருவர், கதையில் கரண்ட் போகும் நேரம் தப்பு என்று போன் செய்தார். எல்லாருக்கும் "சரிங்க, சரிங்க" என்று சொல்லியே வாய் ஓய்ந்துபோனது. கடைசியில் எல்லாரும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்பார்கள். யாருங்க ஓட்டுனது? உண்மையைச் சொன்னால், எனக்கே தெரியாது.

பெரம்பலூரில் நண்பர்கள் சிலர் விமர்சனக் கூட்டம் வைத்தார்கள். இந்தக் கூட்டங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எழுதியவன் பொன்னாடையோடு மேடையில் உட்கார்ந்திருக்க வேண்டும். யார் என்ன சொன்னாலும் நடுவில் வாய் திறக்கக் கூடாது. பதிலெல்லாம் கடைசியில், ஏற்புரையில்தான். ஒருவனை உட்காரவைத்துத் திட்டுவதற்கு இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது.

நான்கு பேர் பேசினார்கள். முடிவு வாசகனை ஏமாற்றுகிறது என்றார்கள் மூன்று பேர். துணிச்சலான முடிவு என்றார் நாலாமவர்; அவர் புத்தகத்தைப் படிக்கவில்லை என்பது பேச்சிலேயே தெரிந்தது. பிறகு, வந்தவர்களில் யாராவது பேசலாம் என்றார் தலைவர். பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்தார். ஐம்பது வயதிருக்கும். ஜெயங்கொண்டம் பக்கம் ஊர், தையல் வேலை என்று சொல்லிக்கொண்டார். மைக் வேண்டாம் என்றுவிட்டார்.

"எங்க வூட்டுக்காரரும் இப்படித்தான் சார் போனாரு. லாரிதான். நம்பர யாரும் பாக்கல, இன்னும் புடிக்கல. ஒங்க மொத புஸ்தகத்த மவதான் வாங்கியாந்து குடுத்தா. அப்பறம் ரெண்டாவதையும் படிச்சேன். மூணாவதுல புடிச்சிருவாங்கன்னு இருந்தேன்."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"கதைதான்னு எனக்கும் தெரியுது. இருந்தாலும் அவன் மாட்டுறத ஒருதடவ பாத்துடணும்னு இருந்துச்சு. நீங்களும் வுட்டுட்டீங்களே சார்."

நான் எழப்போனேன். தலைவர் என் கையைப் பிடித்து, "ஏற்புரையில சொல்லிக்கலாங்க" என்றார். பழக்கதோஷம், உட்கார்ந்துவிட்டேன். அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "பஸ்ஸு போயிடும், வரேங்க" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அடுத்து எழுந்தவர் அட்டைப்படத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை.

என் முறை வந்தது. எல்லாருக்கும் சேர்த்து ஒரே பதிலைத் தயார் செய்து வைத்திருந்தேன். நிஜ வாழ்க்கையில் எல்லாக் குற்றவாளிகளும் பிடிபடுவதில்லை என்பதுதான் அது. வீட்டில் சொல்லிப் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. மைக்கின் முன்னால் நின்றதும் வெட்கமாக இருந்தது. அந்தச் சேதி தெரியாமலா அந்த அம்மா இரண்டு பஸ் மாறி வந்திருப்பார்? வந்தவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.